மச்சு வீடும் ஒழுகும் ஆலயமும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி எழுதப்பட்டவை. வீடு, தொழில், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோர், கடன் என்று ஒவ்வொன்றும் நம்மைத் தன் பக்கம் இழுக்கும்போது ஆண்டவருக்கு உரிய முதலிடத்தை எவ்வாறு கொடுப்பது என்பதே அந்தக் கவலை. கடிதங்களைச் சுருக்கியும், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்தும் வெளியிடுகிறோம். பதில்களில் குறிப்பிடும் வேதபகுதிகளை முழுமையாக எடுத்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் சிற்றாலயத்தின் கூரை ஓடுகள் உடைந்து, மழைக்காலத்தில் பீடத்தின் மேல் தார்ப்பாய் கட்டி ஆராதனை நடத்துகிறோம். பழுதுபார்க்க ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சபைக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். அதன் பிறகு வீடு கட்டத் தொடங்கிவிட்டேன். மேல்மாடி முடிந்து, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை நடக்கிறது. குடிபுகுந்த பிறகு கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டதால் மனம் உறுத்துகிறது. இது தவறா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் மனம் உறுத்துவதற்காக முதலில் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தை இன்றே எடுத்து வாசியுங்கள்; இரண்டே அதிகாரங்கள்தான். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள் எருசலேமில் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். அயலாரின் எதிர்ப்பினால் வேலை தடைப்பட்டது. கி.மு. 520-இல், தரியு ராஜா அரசாண்ட இரண்டாம் ஆண்டில், ஆகாய் வாய் திறந்தபோது அந்த அஸ்திபாரம் ஏறத்தாழ 16 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அந்த மக்கள் விசுவாசத்தை விட்டு விலகியவர்கள் அல்லர். ஆலயம் வேண்டாம் என்று அவர்களில் எவரும் சொன்னதாக வேதம் கூறவில்லை. ஆலயத்தைக் கட்டுவதற்கு ஏற்ற காலம் இன்னும் வரவில்லை என்று மட்டுமே சொன்னார்கள். எதிர்ப்பு இருந்தது, விளைச்சல் இல்லை, கையில் பணம் இல்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மையானவைதாம். ஆனால் அதே காலத்தில், அதே பஞ்சத்துக்கு நடுவில், அவர்களுடைய சொந்த வீடுகளுக்கு மட்டும் ஏற்ற காலம் எப்படியோ வந்துவிட்டிருந்தது. "இந்த வீடு பாழாய்க் கிடக்கும்போது, நீங்கள் மச்சுப்பாவப்பட்ட உங்கள் வீடுகளில் குடியிருக்கும்படியான காலம் இதுவோ?" என்ற கேள்வி அங்கேதான் வந்து விழுகிறது. 'மச்சுப்பாவப்பட்ட' என்றால் பலகை பதித்து மேல்தளமிட்ட என்று பொருள்.

சகோதரரே, வீடு கட்டுவதை இந்த வசனம் கண்டிக்கவில்லை. பிள்ளைகளோடு சொந்தக் கூரையின்கீழ் வாழ விரும்புவது நல்ல விருப்பம். வீட்டுக்கு இருக்கிற அவசரம் ஆலயத்துக்கு இல்லாமற்போனதையே அது கேட்கிறது. மரத்தின் அருமையும் தளத்தின் அழகும் தெரிந்தவர்கள் நம் பகுதி மக்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர்கள், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் வார்க்கும் ஆத்தங்குடிக் கற்கள் ஆகியவற்றைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். அவற்றைக் கட்டிய நகரத்தார் பெருமக்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய வேறொன்றும் உண்டு. தொழிலில் வரும் வருவாயில் மகமை என்று ஒரு பங்கைக் கோயில் திருப்பணிக்கும் அறத்துக்கும் எடுத்துவைப்பது அவர்களிடையே நெடுங்கால வழக்கம். மீந்தால் பார்க்கலாம் என்று விடாமல், கணக்கு எழுதும்போதே அதையும் எழுதிவிடுவார்கள். நம்முடைய விசுவாசம் அவர்களுடையதிலிருந்து வேறுபட்டதுதான். என்றாலும், ஜீவனுள்ள தேவனை அறிந்ததாகச் சொல்லும் நாம் அந்த ஒழுங்கில் அவர்களுக்குப் பின்தங்கி நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகாயின் செய்தியைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆறாம் மாதம் முதல் தேதியில் வார்த்தை வந்தது. அதே மாதம் 24-ஆம் தேதியில் வேலை தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கும் சற்று அதிகமான காலத்தில் ஆலயம் கட்டி முடிந்தது. வறட்சி நீங்கட்டும் என்றோ, சொந்த வீட்டு வேலை முடியட்டும் என்றோ அவர்கள் காத்திருக்கவில்லை. நீங்களோ சபைக்கு முன்பாக வாக்குக் கொடுத்தவர். "நீ தேவனுக்கு ஒரு பொருத்தனை பண்ணிக்கொண்டால், அதைச் செலுத்தத் தாமதியாதே" என்று பிரசங்கி புத்தகம் சொல்கிறது. என் ஆலோசனை இதுதான். கல் பதிக்கும் வேலையை ஓர் அறையோடு இப்போதைக்கு நிறுத்துங்கள். மற்ற அறைகளுக்குச் சிமெண்டுப் பூச்சு போதும். கல்லைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பதித்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தைச் சபைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். முழுத் தொகையும் இயலாவிட்டால் பாதியையாவது இந்த வாரமே கொடுத்து, மீதியைத் தரும் தேதியை எழுத்தில் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஆலயத்தின் ஓடுகளை மாற்றியாக வேண்டும். உங்கள் குடிபுகும் நாள் அதற்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் நான். காலை ஐந்து மணிக்கு அடுப்படிக்குள் போனால் இரவு பதினோரு மணி ஆகிவிடுகிறது. மாமனாருக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவருக்குத் தனிச் சமையல். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வராத வாரமே இல்லை. மகளிர் கூட்டத்தில் ஒரு சகோதரி, "மார்த்தாளாக இராதீர்கள், மரியாளாக இருங்கள்" என்று பேசினார். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். நான் ஆண்டவரை நேசிக்கவில்லையா?
– ஓர் இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பகுதியை அப்படிப் பிரசங்கிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவள் மார்த்தாள்தான். அவள் கதவைத் திறந்திராவிட்டால் அவள் தங்கை மரியாள் அவருடைய பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்கவே முடியாது. அந்த நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால் நல்ல சமாரியனின் உவமை இருக்கிறது. காயம் கட்டி, எண்ணெய் வார்த்து, சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பணம் கொடுத்த மனிதனைக் காட்டி, "நீயும் போய் அந்தப்படியே செய்" என்கிறார் ஆண்டவர். இப்படிச் சொன்னவர் அடுத்த வீட்டில் கைவேலையை இகழ்ந்து பேசியிருப்பாரா?

அவர் மார்த்தாளைக் கடிந்துகொண்டது எதற்காக என்பதை அவருடைய வார்த்தைகளிலேயே காண்கிறோம்: "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்." பெயரை இரண்டு முறை சொல்லி அழைத்துவிட்டே அதைச் சொல்கிறார். சமையலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேலை அவளை ஆண்டு, அவள் தங்கையோடு பகைத்து, வந்த விருந்தாளியின் மேலேயே குறைசொல்லும் நிலைக்கு அவளைக் கொண்டுவந்துவிட்டதே அங்கே பேச்சுக்கு உரியது. மார்த்தாளின் கதை அங்கே முடியவும் இல்லை. யோவான் 11-இல், தம்பி லாசரு இறந்து நான்கு நாள் ஆன பிறகு, ஆண்டவர் வருகிறார் என்று கேட்டதும் எழுந்துபோய் அவரை எதிர்கொண்டவள் அவள்தான். "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்" என்று, பேதுருவின் அறிக்கைக்கு எவ்விதத்திலும் குறையாத அறிக்கையைச் செய்தவளும் அவள்தான். 12-ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. அங்கே மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். இம்முறை அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை, அவளும் முறையிடவில்லை.

ஆகவே அழவேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலையில் எத்தனை வகை வைத்தோம் என்பதை வைத்து மரியாதையை அளக்கும் வழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. வெள்ளைப்பணியாரமும் கந்தரப்பமும் மூன்று வகைக் கூட்டும் இல்லாவிட்டால் விருந்தாளியை அவமதித்ததாக நாமே எண்ணிக்கொள்கிறோம். அதை நம்மிடம் கேட்டவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் சாதம், குழம்பு, ஒரு பொரியல், மோர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதை உங்கள் மாமியாரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லி, அவர் வாயாலேயே அந்த ஏற்பாடு வரும்படி செய்யுங்கள். மாவை முந்தின இரவே அரைத்துவைத்துவிட்டால், காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் உங்களுக்கு ஒரு கால் மணி நேரம் கிடைக்கும். ஒரு சங்கீதத்துக்கு அது போதும்.

இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்க வேண்டும். வீட்டு ஆண்கள் வேதத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்க, காபி தானாக வந்துசேரும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மனைவிக்கு ஆண்டவரின் பாதத்தருகே இடம் வேண்டுமென்றால், கணவர் எழுந்து காய் நறுக்க வேண்டும். அதற்கு முடியாதவர், அடுப்படிக்கு வந்து ஓர் அதிகாரத்தை உரக்க வாசிக்கட்டும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஞாயிறு காலையில் நீட் பயிற்சி வகுப்பு. ஓர் ஆண்டு மட்டும் ஆலயத்துக்கு அனுப்பாமல் இருக்கலாமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். பயிற்சி மையத்தில் வேறு நேரம் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், அருகிலுள்ள ஊர்களில் அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ நடக்கும் ஆலயத்துக்கு நீங்களும் அவனோடு போங்கள். யோசேப்பும் மரியாளும் ஆண்டுதோறும் பஸ்கா பண்டிகைக்கு நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நடந்து போனார்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளை இயேசுவும் அந்தப் பயணத்தில் இருந்தார். நெருக்கடி வந்தால் விட்டுவிடக்கூடிய காரியம் ஆராதனை என்று பதினேழு வயதில் அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டவன், மருத்துவனான பிறகு வேலை நெருக்கடியில் அதையே செய்வான்.

கேள்வி: நகை அடகுக் கடையில் எழுத்தராக வேலைசெய்கிறேன். கல்யாணம், ஆஸ்பத்திரி, பள்ளிக் கட்டணம் என்று வருகிறவர்களின் கண்ணீரைத் தினமும் பார்க்கிறேன். வட்டி வாங்குவதை வேதம் தடைசெய்கிறது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். வேலையை விட்டுவிடுவதுதான் அர்ப்பணிப்பா? வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.
– ஓர் இளைஞர், புதுவயல்

பதில்: தம்பி, யோர்தான் கரையில் யோவான்ஸ்நானனிடம் ஞானஸ்நானம் பெற, வரி வசூலிக்கும் ஆயக்காரர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். ஊராரால் வெறுக்கப்பட்ட தொழில் அவர்களுடையது. யோவானோ எதையும் மென்று விழுங்கிச் சொல்லும் மனிதர் அல்லர். அவர் அவர்களிடம் வேலையை விடச் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றார். ஆகவே உங்களிடமும் நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடகைப் பற்றி வேதம் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஏழையின் போர்வையை ஈடாக வாங்கினால் பொழுது போவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு எதைப் போர்த்துக்கொண்டு அவன் படுப்பான் என்று யாத்திராகமம் 22 கேட்கிறது. ஏழையிடம் வட்டி வாங்காதே என்ற கட்டளை அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. உபாகமம் 24-இல் மூன்று கட்டளைகளைப் பார்க்கிறோம். மாவரைக்கும் திரிகைக் கல்லை ஒருவரும் அடகு வாங்கக் கூடாது. அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. விதவையின் வஸ்திரத்தை அடகாக வாங்கக் கூடாது. கடன் கொடுத்தவன் அடகை எடுக்கக் கடன்காரனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து கொடுப்பான். கடன் வாங்கியவனுக்கும் ஒரு வீடு உண்டு, அதன் வாசலுக்குள் கடன் கொடுத்தவனின் கால் படக்கூடாது என்று சொல்கிற தேவன் நம்முடைய தேவன். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

பிறகு நெகேமியா 5-ஐ வாசியுங்கள். எருசலேமின் மதிலாகிய அலங்கத்தை 52 நாட்களில் கட்டிமுடித்த அந்த மனிதர், வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் ஒரு கூக்குரலைக் கேட்கிறார். பஞ்சத்துக்காக நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்தவர்கள், ராஜாவின் தீர்வைக்காகக் கடன்பட்டவர்கள், பிள்ளைகளை அடிமைகளாக ஒப்புக்கொடுத்தவர்கள் என்று பலர் அழுகிறார்கள். கடன் கொடுத்தவர்களும் அதே சபையார்தாம். நெகேமியா பெரிய கூட்டத்தைக் கூட்டி, "நீங்கள் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை மறைக்காமல் தன்னையும் சேர்த்துக்கொண்டே வட்டியை விட்டுவிடச் சொல்கிறார். நிலங்களும் வீடுகளும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கப்படுகின்றன. கடனும் நிலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நம் பகுதிக்குத் தெரியாததல்ல. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவின் உழவர்களால் கடனைத் திருப்ப முடியாமல் அவர்களுடைய வயல்கள், அங்கே கடன் கொடுத்திருந்த நம் பகுதி நகரத்தாரின் கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அந்த வயல்களையும் பெட்டகங்களையும் விட்டுவிட்டு, பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். இரு தரப்பிலும் துன்பப்பட்டவை குடும்பங்களே.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியை மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து ஒரு பெண் உங்களிடம் கொண்டுவருகிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். சீட்டில் எழுதியிருக்கும் வட்டி மாதத்துக்கு எத்தனை ரூபாய், ஓர் ஆண்டில் எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குமேல் நகை ஏலத்துக்குப் போகும் என்பதை அவளுக்கு வாயால் சொல்லுங்கள். எடையை அவள் கண்முன்னே போட்டு, அப்படியே எழுதுங்கள். ஏலத் தேதிக்கு முன் தபால் அனுப்பியதோடு நிறுத்தாமல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இவையெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. எடையைக் குறைத்து எழுதச் சொன்னாலோ, சட்டம் அனுமதிக்கும் வட்டிக்கு மேல் துண்டுச் சீட்டில் வாங்கச் சொன்னாலோ மறுத்துவிடுங்கள்; தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. மறுத்ததற்காக வேலை போனால், அன்றைக்குச் சபை உங்கள் வீட்டுக்கு அரிசி அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறது. இதை உங்கள் சபையின் மூப்பர்களும் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: கணவரை இழந்தவள் நான். முறுக்கு, தேன்குழல் சுட்டுக் கொடுத்துக் கூலி வாங்குகிறேன். ஒரு ஜெபக் கூட்டத்தில் பேசிய ஊழியர், சாறிபாத் விதவையைப் போல முதலில் தேவமனிதனுக்குக் கொடுத்தால் கடன் தீரும் என்றார். மகளிர் குழுவில் கடன் எடுத்துக் காணிக்கை கொடுத்தேன். ஆறு மாதமாகத் தவணை கட்ட முடியவில்லை. என் விசுவாசம் போதாதா?
– ஒரு சகோதரி, கண்டனூர்

பதில்: அம்மா, உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை. உங்களிடம் அப்படி வாங்கியது பாவம். வாங்கியவர் தேவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தில், பஞ்ச காலத்தில், எலியா தீர்க்கதரிசி சாறிபாத் ஊர் விதவையிடம், "முதல் எனக்கு அதிலே ஒரு சிறிய அடையைப் பண்ணி என்னிடத்தில் கொண்டுவா" என்று கேட்டது உண்மை. ஆனால் அவரும் பட்டினியாகவே அவளிடம் வந்தார். கேரீத் ஆறு வற்றிப்போன பிறகு கர்த்தர் அவரை அங்கே அனுப்பினார். அவர் கேட்டது, அவள் பானையில் இருந்த ஒரு பிடி மாவில் ஒரு சிறு அடை. கடன் வாங்கிவரச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடவும் இல்லை. அந்த வீட்டிலேயே தங்கி, அவளும் அவள் மகனும் சாப்பிட்டதையே சாப்பிட்டார். பிள்ளை இறந்தபோது அவனை அவள் மடியிலிருந்து வாங்கி, மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலில் கிடத்தி, கர்த்தரை நோக்கிக் கதறினார். மாவு குறைந்தால் தானும் பட்டினி கிடக்கத் துணிந்து அந்த வீட்டில் இருந்தவருக்கு மட்டுமே அந்த வசனத்தைச் சொல்லத் தகுதி உண்டு.

கடனில் இருக்கும் விதவைக்கு வேதத்தில் வேறொரு கதை இருக்கிறது. அதை அந்தக் கூட்டத்தில் வாசித்திருக்க வேண்டும். 2 இராஜாக்கள் 4-இல், கடன் கொடுத்தவன் தன் இரண்டு பிள்ளைகளை அடிமைகளாக்க வந்துவிட்டான் என்று ஒரு விதவை எலிசாவிடம் அழுகிறாள். எலிசா அவளிடம் காணிக்கை கேட்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அண்டை வீடுகளில் வாங்கிய பாத்திரங்கள் நிறைந்த பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள்: எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். அவருக்கென்று அதில் ஒரு பங்கும் இல்லை.

ஆகவே கடன் தீரும்வரை உங்கள் முதல் கடமை கடன்தான். அதைக் கட்டுவதும் தேவனுக்குக் கீழ்ப்படிவதே. ஆராதனையில் காணிக்கைப் பை வரும்போது ஒரு ரூபாய் போடுங்கள். இயலாத வாரத்தில் கைகூப்புங்கள். குழுத் தலைவியிடம் உண்மையைச் சொல்லித் தவணையை மாற்றிக் கேளுங்கள். உங்கள் போதகரிடம் இக்கடிதத்தைக் காட்டுங்கள். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு உங்களோடு வர வேண்டியவர் அவர்.

கேள்வி: வன்பொருள் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி ஐயா நல்லவர். ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவித் துடைப்பேன், எல்லோரோடும் நிற்பேன். தீபாராதனைத் தட்டைப் பிடிக்கச் சொன்னால் தயங்குகிறேன். உடன் வேலைசெய்கிறவர்கள் அவமதிப்பு என்கிறார்கள். சபை நண்பர்களோ அங்கே நிற்பதே பாவம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: எலிசா தீர்க்கதரிசியின் சொற்படி செய்து குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனிக் கர்த்தரையன்றி வேறு தேவர்களுக்குப் பலியிடுவதில்லை என்று உறுதிசெய்த பிறகு ஒரு சங்கடத்தை எலிசாவிடம் சொன்னான். அவனுடைய ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது அவன் கையில் சாய்ந்துகொள்வார். அவனும் குனிய வேண்டியிருக்கும். எலிசா நீண்ட பிரசங்கம் செய்யாமல், "சமாதானத்தோடே போ" என்றார். வேலையின் நிமித்தம் நிற்பதையும், உள்ளத்தால் வணங்குவதையும் தீர்க்கதரிசி வேறுபடுத்திப் பார்த்தார். நீங்கள் நிற்பதில் நான் குற்றம் காணமாட்டேன். தட்டைப் பிடிப்பது வழிபாட்டில் பங்கெடுப்பது. அங்கே தயங்குவதும் சரியே.

ஆனால் மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தானியேல் ராஜாவின் போஜனத்தைப் பந்தியில் தள்ளிவிடவில்லை. முன்கூட்டியே பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டார், பிறகு விசாரிப்புக்காரனிடம் பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி பணிவாகக் கேட்டார். நீங்களும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே முதலாளி ஐயாவைத் தனியே பார்த்துச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட ஜான் டி பிரிட்டோ, கத்தோலிக்கச் சகோதரர்கள் புனித அருளானந்தர் என்று போற்றுகிறவர், லிஸ்பனில் பிறந்தவர். இந்த மண்ணில் பண்டாரசாமிகளைப் போல உடுத்தி, மரக்கறி உணவே உண்டு, நம் மக்களின் வழக்கங்களை மதித்து வாழ்ந்தார். மனந்திரும்பிய ஒரு தலைவர் பல மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் அவர் இளகவில்லை. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுர மன்னர் சேதுபதியின் உறவினர் என்பதால், அந்த உறுதிக்கு உயிரையே விலையாகக் கொடுத்தார். உடையிலும் உணவிலும் அவ்வளவு விட்டுக்கொடுத்தவர் என்பதால்தான் அந்த ஒரு மறுப்புக்கு இத்தனை எடை இருக்கிறது.

கேள்வி: சிங்கப்பூரில் வேலைசெய்கிறேன். மாதந்தோறும் மிஷனெரி ஊழியத்துக்குத் தசமபாகத்துக்கும் மேலாக அனுப்புகிறேன். ஊரில் பெரிய பழைய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார்கள். யார் பார்ப்பது என்று அண்ணன் தம்பிகளுக்குள் மனக்கசப்பு. தகப்பனை அடக்கம்பண்ணப் போகிறேன் என்றவனைக்கூட ஆண்டவர் தடுத்தாரே என்று ஆறுதலடைகிறேன்.
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: அந்த ஆறுதல் உங்களுக்கு உரியதல்ல என்பதை அன்போடு சொல்லிவிடுகிறேன். லூக்கா 9-இல் அந்த மனிதனுக்குச் சொன்ன அதே ஆண்டவர், மாற்கு 7-இல் பரிசேயரிடம் கொர்பானைப் பற்றிப் பேசுகிறார். பெற்றோருக்குச் சேரவேண்டிய பொருளைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் பெற்றோருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற பாரம்பரியம் அப்போது இருந்தது. அதைத் தேவவசனத்தை அவமாக்கும் செயல் என்றார் அவர். ஆண்டவரைப் பின்பற்றாமலிருக்கக் குடும்பத்தைச் சாக்காக்கியவனுக்கு ஒரு வசனம் கிடைத்தது; குடும்பத்தைக் கவனியாமலிருக்க ஆண்டவரைச் சாக்காக்கியவர்களுக்கு மற்றது. உங்கள் கடிதத்தை வாசிக்கையில் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், உலகத்தின் பாவத்தைச் சுமந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், இயேசு தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். "அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்." மீட்பின் வேலைக்கு நடுவிலும் தாயின் இருப்பிடத்தைப் பற்றிய ஏற்பாடு நின்றுபோகவில்லை. உள்முற்றமான வளவைச் சுற்றிப் பத்து அறைக் கதவுகள் பூட்டிக்கிடக்க, மின்சாரம் போன இரவில் அந்த வீட்டில் ஒரு முதியவர் தனியாக இருப்பதை எண்ணிப்பாருங்கள். விடுப்பு எடுத்து வாருங்கள். சகோதரர்களை அம்மாவின் முன்னிலையில் உட்காரவைத்து, அவர்கள் எங்கே, யாரோடு இருக்க விரும்புகிறார்கள் என்பதை முதலில் அம்மாவிடம் கேளுங்கள். இரவிலும் உடனிருக்கும் உதவியாளர், மருத்துவச் செலவு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பொறுப்பு ஆகியவற்றைப் பிரித்து எழுதுங்கள். உங்கள் பங்கு மற்றவர்களுடையதைவிடக் கூடினாலும் வழக்காடாதீர்கள். அது நிலைபெற்ற பிறகு, மிஷனெரி ஊழியத்துக்கு இப்போது அனுப்புவதையே அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்; முடியாவிட்டால் குறைத்து அனுப்புங்கள். அந்த மிஷனெரிக்கும் ஊரில் ஒரு தாய் இருப்பார், அவர் புரிந்துகொள்வார்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தினமும் வேதம் வாசிப்பேன் என்று தீர்மானம் எடுக்கிறேன். பொங்கலுக்குள் விட்டுவிடுகிறேன். என்னைப் போன்றவனை ஆண்டவர் பயன்படுத்துவாரா?
– ஒரு கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் புறப்பட்ட மாற்கு என்னும் யோவான், பம்பிலியாவிலுள்ள பெர்கே பட்டணத்திலேயே அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். அடுத்த பயணத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். அதனால் பவுலும் பர்னபாவும் பிரியவே நேர்ந்தது. பர்னபா அவனை விட்டுவிடாமல் சீப்புரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பல ஆண்டுகள் கழித்து, மரணத்தை எதிர்நோக்கியிருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." ஆதித்திருச்சபையின் சாட்சியப்படி, இரண்டாம் சுவிசேஷத்தை எழுதியவரும் அவரே.

இந்தக் கதையில் நான் அதிகம் நினைப்பது பர்னபாவை. தம்பி, நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் தனியாகவே தீர்மானம் எடுத்துத் தனியாகவே விட்டுவிடுகிறீர்கள். உங்கள் சபையில் பொறுமையுள்ள பெரியவர் ஒருவரைத் தேடி, என்னோடு சேர்ந்து வாசிப்பீர்களா என்று கேளுங்கள். அண்ணனாக இருந்தாலும் சரி, தாத்தாவாக இருந்தாலும் சரி. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். புத்தாண்டுக்குக் காத்திராமல், இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற நாளிலேயே தொடங்குங்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் விட்ட அதிகாரத்திலிருந்தே தொடருங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அந்தப் பெரியவரை வாரத்துக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்து, வாசித்ததில் புரியாததைக் கேளுங்கள். அவருக்கும் புரியாததை எனக்கு எழுதி அனுப்புங்கள்.